மின்னிசை வந்த வழி – 17: பெட்டிக்குள் போன கம்பி

1977 கோடைக்காலம். மேற்கு பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோ. கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் நின்றால் பெர்லின் சுவர் தெரியும். உள்ளே டேவிட் போவியின் புதிய ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு. நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய ராபர்ட் ஃபிரிப், வந்த சூட்டோடு கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் கிங் கிரிம்சன் குழுவைக் கலைத்துவிட்டு ஒதுங்கியிருந்தவர். இந்த ஆல்பத்தில் போவியோடு வேலைசெய்துகொண்டிருந்த பிரையன் ஈனோ பெர்லினிலிருந்து போன் போட்டுக் கூப்பிட்டதால் வந்திருக்கிறார்.

அவர் காலடியில் ஒரு பட்டை. அதில் ஆங்காங்கே குறிகள். ஸ்பீக்கரிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் எந்தச் சுரம் ஓயாமல் நிற்கும் என்று ஃபிரிப் அளந்து வைத்திருந்த கணக்கு அது. ஒரு சுரத்துக்கு நாலடி என்றால் இன்னொன்றுக்கு மூன்றரை அடி. அந்த இடத்தில் நின்று கம்பியை ஒருமுறை மீட்டினால் போதும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கம்பியைத் திரும்ப அதிரவைக்கும், அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். நம்மூர் மைக்செட்டுக்காரர்கள் 'கீ' என்று கேட்டாலே ஓடிப்போய்த் திருகைக் குறைக்கும் அதே ஃபீட்பேக்தான். அதை அடிக்கோல் வைத்து அளந்து பழக்கியிருந்தார் ஃபிரிப். இந்தக் காட்சியைப் பிற்பாடு சொன்னவர் ஆல்பத்தின் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தத் தொடரில் அதற்கு இடமில்லை. ஃபிரிப்பின் கிட்டார் ஒலி நேரே டேப்புக்குப் போகவில்லை. வழியில் ஒரு சூட்கேஸ் இருந்தது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு, திருகுகளையும் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக்கையும் அசைத்தபடி உட்கார்ந்திருந்தார் ஈனோ. கிட்டாரை அவர் தொடவே இல்லை. ஆனாலும் அந்தக் கிட்டாரை வாசித்தவர்கள் இரண்டு பேர் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த சூட்கேஸ் எங்கிருந்து வந்தது, அதற்குள் ஒரு கிட்டார் எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

முதலில் ஃபில்டர் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். நமக்கு அந்தச் சொல் காபியோடு ஒட்டிக்கொண்டது. பொடி மேலே நிற்கும், டிகாஷன் கீழே இறங்கும். ஒலி ஃபில்டரும் ஒன்றை நிறுத்தி ஒன்றை விடுகிறது. கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகள். ஆனால் அந்த 82 தனியாக வருவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று ஒரு கூட்டமே கூட வருகிறது. கிட்டாரைக் கிட்டாராகக் காட்டுவது அந்தக் கூட்டம்தான். அதில் இந்த அளவுக்கு மேலே உள்ளவர்கள் வெளியே நில்லுங்கள் என்று சொல்வது 'லோ பாஸ்' ஃபில்டர். மேலே உள்ளவை போனால் ஒலி மங்கும், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும்.

காபி உவமை இதற்கு மேல் உதவாது. காபி ஃபில்டரின் ஓட்டைகள் மாறுவதில்லை. சிந்தசைசர் ஃபில்டரின் ஓட்டையோ நொடிக்கு நொடி பெரிதாகும், சிறிதாகும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மோர்சிங் இருக்கிறது. அதில் அதிர்வது ஒரே ஒரு நாக்குத்தகடு. அதன் சுருதியும் மாறாது. ஆனாலும் கலைஞர் வாயைக் குவித்து, விரித்து, நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, மிருதங்கத்தின் சொற்கட்டுகளையெல்லாம் அதில் கொண்டுவந்துவிடுகிறார். தகடு தருவது கூட்டம், வாய் செய்வது தேர்வு. மோர்சிங் வித்வானின் வாய் ஒரு ஃபில்டர். 1960களில் மின்னியல்காரர்கள் செய்தது அந்த வாயை ஒரு பெட்டிக்குள் வைத்ததுதான்.

பெட்டிக்குள் வைத்தவர்களில் முதல்வர் ராபர்ட் மோக். ('மூக்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவரே 'மோக்' என்றுதான் சொல்வார். நமக்கும் அது நல்லது, மூக்கு ஞாபகம் வராது.) 1964இல் அவர் தொடங்கிவைத்த வழி, வோல்டேஜால் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது. கையால் திருகைத் திருப்புவதற்குப் பதில் இன்னொரு மின்னழுத்தம் திருப்பும். ஃபில்டருக்கு அவர் கண்ட சுற்றில் டிரான்சிஸ்டர்கள் ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதற்கு 1969இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து, ஒரு அலமாரி அளவுக்கு நிற்கும் மோக் மாடுலரின் விலையோ ஆயிரக்கணக்கான டாலர். கிட்டார்காரர்கள் கிட்ட நெருங்க முடியாத பொருள்.

*

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம் பட்னி. அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார் பீட்டர் சினோவியெஃப். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நாடாவை வெட்டி வெட்டி ஒட்டி மின்னிசை செய்வது அவருக்குச் சலித்துவிட்டது, கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட நினைத்தார். 1960களில் தனி ஆள் கம்ப்யூட்டர் வாங்குவது என்றால் வீட்டை விற்கிற காரியம். இவர் வீட்டை விற்கவில்லை. மனைவியின் திருமணத் தலையணி, முத்தும் நீலப்பச்சைக் கல்லும் பதித்த கிரீடம், அது போனது. நகையை விற்று அறிவியல் செய்த கதைகள் நம்மிடமும் உண்டு. சினோவியெஃப்பும் அந்த வரிசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் பசி பெரிய பசி. அதற்குத் தீனி போட, 1969இல் ஈஎம்எஸ் என்ற கம்பெனி பிறந்தது. கூடவே இரண்டு பேர். ஒருவர் இசையமைப்பாளர் டிரிஸ்ட்ரம் கேரி. இன்னொருவர் டேவிட் காக்கரெல், சுற்றுகளை வரைந்த பொறியாளர். இந்தக் கதையில் என் நாயகன் காக்கரெல்தான். ஆனால் அவர் பெயர் எந்த ஆல்பத்தின் அட்டையிலும் பெரிய எழுத்தில் வந்ததில்லை.

அவர்கள் செய்த முதல் விற்பனைப் பெட்டி விசிஎஸ்3. விலை 330 பவுண்ட். மோக்கின் அலமாரியோடு ஒப்பிட்டால் கொசுறு. மரச்சட்டத்தில், சாய்வு மேஜை மாதிரி ஒரு வடிவம், அதை வரைந்தவர் கேரி. கீபோர்டு கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். ஒயர்களும் கிடையாது. பதினாறுக்குப் பதினாறு ஓட்டைகள் கொண்ட ஒரு பலகை. கிடைமட்ட வரிசை புறப்படும் இடம், செங்குத்து வரிசை போய்ச் சேரும் இடம். இரண்டும் சந்திக்கிற ஓட்டையில் ஒரு சின்ன ஊசியைக் குத்தினால் இணைப்பு ஆயிற்று. பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் பார்த்த கண்ணுக்கு அந்தப் பலகை அந்நியமாகத் தெரியாது.

காக்கரெல் தம் ஃபில்டரில் டிரான்சிஸ்டருக்குப் பதில் டயோடுகளை அடுக்கினார். மோக்கின் ஏணி காப்புரிமைக்குள் இருந்தது. டயோடு ஏணி கொஞ்சம் முரட்டுத்தனம். அழுத்தினால் கரகரக்கும், அலறும். முரட்டு ஒலிக்கே பழகிய மின்கிட்டாருக்கு இது தானாக அமைந்த ஜோடி.

விசிஎஸ்3க்கு ஒரு பெரிய குறை. அதில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் சுருதியில் நிற்காது. அறை சூடானால் சுருதியும் நகரும். மேடையில் அதை வைத்து ஒரு மெட்டு வாசிப்பது கழைக்கூத்து. ஆனால் பெட்டியில் வெளி ஒலியை உள்ளே விடுவதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. வெளியிலிருந்து கிட்டார் உள்ளே வந்தால் சுருதி கிட்டாரின் பொறுப்பு. பெட்டி அதன் நிறத்தை மாற்றினால் போதும். வாத்தியமாக நொண்டிய பெட்டி, வாத்தியங்களைப் பிடித்துப் போடுகிற பெட்டியாக நிமிர்ந்து நடந்தது. அதைச் செய்தவர்கள் நினைத்த பயன் ஒன்று, வாங்கியவர்கள் கண்டுகொண்ட பயன் இன்னொன்று.

*

இதைக் கண்டுகொண்ட ஆரம்பக்காரர்களில் ஒருவர் வாத்தியக்காரரே இல்லை. கிங் கிரிம்சனுக்குப் பாட்டு எழுதிய பீட்டர் சின்ஃபீல்ட், 1971 கச்சேரிகளில் அரங்கத்தின் மிக்சிங் மேஜையில் உட்கார்ந்துகொண்டு குழுவின் ஒலியை விசிஎஸ்3க்குள் விட்டுத் திரித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஃபிரிப் ஒன்று வாசிக்க, கூடத்தில் வேறொன்று கேட்டது. அந்த வருடக் கடைசியில் ஃபிரிப்புக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. குழுவை விட்டு வந்த சின்ஃபீல்ட் அடுத்துத் தயாரித்தது ராக்ஸி மியூசிக் என்ற புதிய குழுவின் முதல் ஆல்பம். ஒலிப்பதிவு லண்டனில் 1972 மார்ச்சில். அங்கேயும் ஒரு விசிஎஸ்3 காத்திருந்தது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் சாக்ஸஃபோன் வாசித்த ஆண்டி மெக்கே. அதன் முன் உட்கார்ந்தவர் பிரையன் ஈனோ. இருவரும் பழைய பழக்கம், எதேச்சையாக ரயிலில் மறுபடி சந்தித்தார்கள். பிளாட்பாரத்தில் பத்தடி தள்ளி நின்றிருந்தால் தான் இன்று ஓவிய வாத்தியாராக இருந்திருப்பேன் என்ற பொருளில் ஈனோ பிறகு சொன்னதுண்டு. டேப் ரெக்கார்டர் தெரியும் என்பதால் ஒலிப்பதிவுக்காக வந்தவர், பெட்டியையும் எடுத்துக்கொண்டார். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பதை அவர் ஒரு பட்டம்போல் சொல்லித் திரிந்தார்.

ஆரம்பக் கச்சேரிகளில் ஈனோவும் மேடையில் இல்லை, சின்ஃபீல்டைப் போலவே கூடத்தின் பின்பக்கம்தான். ஃபில் மான்சனேராவின் கிட்டாரும் மெக்கேயின் சாக்ஸும் அங்கே அவர் பெட்டிக்கு வரும். எதை எவ்வளவு விடுவது என்பது அவர் கையில். வேடிக்கை என்னவென்றால், மான்சனேராவே முதலில் கிட்டாருக்கான தேர்வில் தோற்று, ஒலி கவனிக்கிற ஆளாகத்தான் குழுவுக்குள் வந்தார். 1972 பிப்ரவரியில்தான் கிட்டார் அவர் கைக்கு வந்தது. 'லேடிட்ரான்' பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டால் இந்த ஏற்பாடு புரியும். கிட்டார் கிட்டாராகத் தொடங்கி, நீர் பட்ட மை மாதிரி விளிம்பு கலைந்து, இது கம்பியா, காற்றா, இயந்திரமா என்று சொல்ல முடியாத ஒன்றாகி மறைகிறது. நான் முதல்முறை கேட்டபோது டேப்தான் தேய்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இதே தந்திரத்தை ஒரு வருடம் முன்பே வேறொரு வாத்தியத்தில் செய்து காட்டியிருந்தார் தி ஹூ குழுவின் பீட் டவுன்சென்ட். 1971இல் வந்த 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டில் துடிதுடித்துக்கொண்டே போகும் அந்த ஒலியைப் பலரும் சிந்தசைசர் என்றே நினைக்கிறார்கள். அது வீட்டில் வைத்து வாசிக்கும் லோரி ஆர்கன். அதை விசிஎஸ்3 ஃபில்டருக்குள் விட்டு, ஓட்டையைத் தாளத்தில் திறந்து மூடவைத்தார். அதே ஆல்பத்தின் 'கோயிங் மொபைல்' பாட்டில் கிட்டாரும் இந்த வழியில் போனது. அங்கே வேலை செய்தது என்வலப் ஃபாலோயர் என்ற சுற்று.

அந்தச் சுற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கம்பியை ஓங்கி மீட்டினால் ஒலி குபீரென்று எழும்பி மெல்லத் தேயும். மலையின் கோட்டோவியம் மாதிரி. ஒரு டயோடு அந்த அலையின் கீழ்ப்பாதியை வெட்டி எறிகிறது. ஒரு கப்பாசிட்டர் மிச்சத்தின் ரம்பப் பற்களைத் தடவி மழுக்குகிறது. கையில் நிற்பது மலையின் வெளிக்கோடு மட்டும், அதாவது ஏறி இறங்கும் ஒரு வோல்டேஜ். அதைக் கொண்டுபோய் ஃபில்டரின் திருகில் கட்டிவிட்டால், ஓங்கி மீட்டும்போது வாய் அகலத் திறக்கும், மெல்ல மீட்டினால் பாதிதான் திறக்கும். ஈனோ இல்லாமலே ஒரு ஈனோ. கிட்டார்காரரின் விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அதுவே கட்டளை.

இரண்டு தொல்லைகள் உண்டு. கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் ரொம்பப் பலவீனம், மாடுலர் பெட்டிகள் எதிர்பார்ப்பதோ பல வோல்ட். முதலில் அதை ஏற்றிக் கொடுக்காவிட்டால் ஃபில்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொன்று, கம்பியின் மேல்மடங்குகள் சீக்கிரம் செத்துவிடும். வடிகட்டுவதற்கே ஒன்றுமில்லாத இடத்தில் வடிகட்டி என்ன செய்யும்? அதனால்தான் அனுபவக்காரர்கள் ஃபில்டருக்கு முன்னால் ஒரு ஃபஸ் பெடலை வைப்பார்கள். ஃபஸ் அலையின் தலையைச் சீவி, மடங்குகளை வாரி இறைக்கும். பிறகு ஃபில்டருக்குக் கை நிறைய வேலை.

இந்தச் சுற்றைக் கால் மிதிக்கிற பெட்டியில் அடைத்து 1972இல் கடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் மைக் பைகல். பெயர் மியூட்ரான் 3. அது ஒரு பெரிய சிந்தசைசரின் சிதறல். கில்ட் என்ற கிட்டார் கம்பெனிக்காக பைகல் ஒரு சிந்தசைசர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். கம்பெனித் தலைவர் விமான விபத்தில் இறந்துபோக, திட்டம் நின்றது. மொத்தப் பெட்டியிலிருந்து ஃபில்டரை மட்டும் கழற்றித் தனியே விற்றால் என்ன என்ற யோசனையில் பிறந்தது மியூட்ரான். ஸ்டீவி வொண்டர் 1973இல் 'ஹையர் கிரவுண்ட்' பாட்டில் கிளாவினெட் என்ற மின்கீபோர்டை அதற்குள் விட்டார். அதற்குப் பிறகு விளம்பரம் தேவைப்படவில்லை.

*

தோற்றவர்களையும் சொல்ல வேண்டும். கிட்டார்காரர்களிடம் இத்தனை பணமும் ஆசையும் இருக்கிறதே, அவர்கள் சிந்தசைசரையே கிட்டாரால் வாசிக்கட்டும் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. கம்பி என்ன சுரம் என்று ஒரு சுற்று கண்டுபிடிக்கும், அதைச் சிந்தசைசருக்குச் சொல்லும், சிந்தசைசர் வாசிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்டிய கம்பியின் முதல் கணம் வெறும் இரைச்சல். அது அடங்கிச் சுரம் தெளிவதற்குள் இசை கடந்து போயிருக்கும். தடித்த கம்பியில் இன்னும் மோசம். விரல் கொஞ்சம் வழுக்கினால் சுற்று வேறு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தும். 1977இல் ஆர்ப் கம்பெனி அவதார் என்ற கிட்டார் சிந்தசைசரை இந்த நம்பிக்கையில் இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. 1981இல் கம்பெனியே மூடிவிட்டது. அவதாரம் எடுத்தது சரி, சம்ஹாரம் ஆனது கம்பெனிதான்.

என் கட்சி இதுதான். கிட்டாரை வெறும் ஸ்விட்சாக நடத்தியவர்கள் அந்தக் காலத்தில் தோற்றார்கள். கிட்டாரின் ஒலியைக் கிட்டாரின் ஒலியாகவே உள்ளே விட்டு, அதைச் செதுக்கியவர்கள் ஜெயித்தார்கள். விரலின் தயக்கம், நகத்தின் உரசல், கம்பியின் நெளிவு எல்லாம் ஃபில்டர் வழியே பிழைத்து வருகின்றன. சுரம் கண்டுபிடிக்கும் சுற்றில் அவை முதல் படியிலேயே குப்பைக்குப் போய்விடுகின்றன.

ஈஎம்எஸ்ஸும் கிட்டார்காரர்களைத் தேடிப் போனது. காக்கரெல் வடிவமைத்த சிந்தி ஹைஃப்ளை, 1970களின் தொடக்கத்தில், நின்றுகொண்டே தள்ளுகிற திருகுகளோடும் கால்மிதிகளோடும் வந்தது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோரிடமும் ஒன்று இருந்தது. நல்ல பெட்டி, பெரிதாக ஓடவில்லை. காக்கரெல் அமெரிக்காவுக்குப் போய் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த ஸ்மால் ஸ்டோன் ஃபேசரும் மைக்ரோ சிந்தசைசரும் கால்மிதிப் பெட்டிகளில் பட்னி ஞானத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பின்னாளில் அகாய் சாம்ப்ளர்களிலும் அவர் கை உண்டு. ஈஎம்எஸ் 1979இல் திவாலானது.

*

இனி பெர்லினுக்குத் திரும்பலாம். ஈனோ மடியில் வைத்திருந்த சூட்கேஸ் அதே ஈஎம்எஸ் பெட்டியின் தம்பி, சிந்தி. உள்ளே அதே மூளை, வெளியே பிரயாணத்துக்கு ஏற்ற பிளாஸ்டிக் உடம்பு. பாட்டு, 'ஹீரோஸ்'.

ஃபிரிப் மூன்று முறை வாசித்தார். ஒவ்வொரு முறையும் தரைக்குறிகளில் கால் மாற்றி மாற்றி, நீண்ட நீண்ட சுரங்களாக. ஒவ்வொரு முறையும் ஈனோவின் கை வேறு மாதிரி அசைந்தது, ஃபில்டர் வேறு மாதிரி திறந்து மூடியது. மூன்றில் சிறந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். விஸ்கான்டி மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றின் முரட்டுத்தனத்தை இன்னொன்று மழுக்க, மூன்றும் கரைந்து ஒரே நீண்ட அழைப்பாக எழுந்தது. அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்த ஒலியை அதற்கப்புறம் மேடையில் கொண்டுவர எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு கிட்டார் என்று முயல்கிறவர்களுக்கு அது வராது. மூன்று ஃபிரிப்பும் மூன்று ஈனோவும் வேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களில் டிஜிட்டல் வந்து மாடுலர் பெட்டிகளைப் பரணில் ஏற்றியது. 1995இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே டீட்டர் டோப்ஃபர் ஏ-100 என்ற சின்ன மாடுலர் வரிசையைத் தொடங்கினார். இன்று யூரோராக் என்று அழைக்கப்படுவது அதிலிருந்து வளர்ந்ததுதான். வெளி ஒலியை ஏற்றிக் கொடுத்து அதன் வெளிக்கோட்டையும் பிரித்தெடுக்கும் ஏ-119 அதில் ஒரு தகடு. கிட்டார்காரர்கள் மாடுலருக்குள் நுழைய இன்றும் அதுபோன்ற ஒரு தகடுதான் வாசல். 1998இல் மோக்கே தம் ஏணி ஃபில்டரை என்வலப் ஃபாலோயரோடு சேர்த்து ஒரு கால்பெட்டியில் வைத்து மோகர்ஃபூகர் என்று பெயரிட்டு விற்றார். அலமாரியிலிருந்து கால்மிதிக்கு வர அவர் ஃபில்டருக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

ஈனோவின் சூட்கேஸ் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வசம், போவியின் சேகரிப்பில் ஒரு பொருளாக இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு சிறு வேலை. 'ஹீரோஸ்' பாட்டின் ஆல்பம் வடிவத்தை, ஆறு நிமிடம் ஓடுவதை, ஹெட்ஃபோனில் கேளுங்கள். போவியின் குரலை விட்டுவிட்டு, பின்னால் வரும் அந்த நீண்ட சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். சுரம் அப்படியே நிற்கும், அதன் நிறம் மட்டும் மாறும். அது ஈனோவின் கை. அடுத்த வாரம் இதே இருவர், ஐந்து வருடம் முன்னால், 1972 செப்டம்பரில், லண்டனில் ஈனோவின் வீட்டில், இரண்டு ரெவாக்ஸ் டேப் இயந்திரங்களுக்கு நடுவே.